பார்வோவில் போன குட்டிக்கு அப்புறம்

பார்வோ என்ற வைரஸ் நோயில் நாய்க்குட்டி போய்விட்டது, "தூங்குகிறான்" என்று சொன்னதால் ஆறு வயது மகன் எப்போது எழுந்திருப்பான் என்று கேட்கிறான், அடுத்த வாரமே வேறு குட்டி வாங்கலாமா என்கிறீர்கள். வேண்டாம் சகோ. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டி அதே முற்றத்துக்கு வந்தால் மறுபடி இதே அழுகைதான். சிமெண்ட் தரையைத் தேய்த்துக் கழுவி, 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் திரவம் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மண்ணில் இது சரியாக வேலை செய்யாது.

அப்புறம், பையனிடம் "செத்துப்போய்விட்டான், இனி வரமாட்டான்" என்றே சொல்லுங்கள். நானும் என் மகளிடம் தூங்குகிறது என்றுதான் சொன்னேன். ஒரு மாதம் இரவில் கண்ணை மூடப் பயந்தாள். கழுத்துப்பட்டையை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அதே பிளீச் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் கொடுங்கள்.