சிக்னலில் நடுங்கும் பழைய ஆல்ட்டிஸ்: பாகங்களை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: சிங்கப்பூரில் 2013இல் பதிவான டொயோட்டா ஆல்ட்டிஸ் 1.6 கார் வைத்திருக்கிறேன். 180,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2023இல் சிஓஇயை (வாகன உரிமைச் சான்றிதழை) இன்னொரு பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். சில வாரங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் எஞ்சின் குலுங்குகிறது. ஏர்கான் போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை நடுக்கம் தெரிகிறது. பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. செக் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிந்து, சில நாளில் தானாகவே அணைந்துவிட்டது. பட்டறையில் காட்டினேன். நான்கு இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் மாற்ற வேண்டும், 2,000 வெள்ளி ஆகும் என்கிறார்கள். வாகனச் சோதனை வேறு நெருங்குகிறது. மாற்றிவிடலாமா? வாரக் கடைசியில் ஜோகூர் பாருவில் பெட்ரோல் போடுவதுதான் காரணமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெட்ரோல் பம்பின் பக்கம் போகவே இல்லை.

பம்பு பலவீனமானால், எஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்கும் நேரத்தில்தான் முதலில் திணறும். விரைவுச்சாலையில் நுழையும்போது அழுத்தி மிதித்தால் வண்டி இழுக்காது, மேம்பாலம் ஏறும்போது தயங்கும். உங்கள் வண்டி அங்கெல்லாம் நன்றாக ஓடுகிறது. மிகக் குறைவாகப் பெட்ரோல் தேவைப்படும் ஐடிலிங்கில்தான், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதுதான், தடுமாறுகிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று அடைபட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். அப்படியே இருந்தாலும் கழற்றிச் சோதித்துச் சுத்தம் செய்ய முடியும். பரிசோதனை எதுவும் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் வேலை, வண்டியின் கம்ப்யூட்டர் என்ன பதிந்து வைத்திருக்கிறது என்று படிப்பது. விளக்கு அணைந்ததால் கோளாறு சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கோளாறைச் சொல்லும் குறியீடு மட்டும் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும், எஞ்சின் சுமார் 40 முறை சூடாகி ஓடிய பிறகுதான் அது அழியும். எனவே உங்கள் வண்டியில் அது இன்னும் இருக்கக்கூடும். ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே குறியீட்டைப் படிப்பதற்கென்று 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கிறது. கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் மலிவான ரீடரைச் செருகினாலே போதும். அதுவரை பேட்டரி வயரைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் நமக்கு இருக்கும் ஒரே சாட்சி போய்விடும்.

பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று வந்தால், கடைசி எண் எந்த சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாகப் பற்றி எரியாமல் போவது) என்பதைக் காட்டும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி நடக்கிறது. பி0171 வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

குறியீடு ஒன்றுமே இல்லையா? அப்போது எஞ்சின் மவுண்டிங்கைச் சந்தேகப்படுங்கள். சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி ‘டி’யில் இருக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். அப்புறம் ‘என்’னுக்கு மாற்றிப் பாருங்கள். முள் 600க்கும் 800க்கும் இடையில் ஆடாமல் நிற்கிறது, ‘என்’னில் நடுக்கம் குறைகிறது என்றால், எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதைத் தாங்கும் ரப்பர்தான் போய்விட்டது. 13 வயது வண்டியில் இது சாதாரணம். முள்ளும் சேர்ந்து தடுமாறினால், அல்லது ஒழுங்கில்லாமல் ‘டக், டக்’ என்று உதைப்பது தெரிந்தால், கோளாறு எஞ்சினுக்குள். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். தேய்ந்த மவுண்டிங் சின்ன மிஸ்ஃபயரைக்கூடப் பெரிதாகக் காட்டிவிடும்.

இனி, என் சந்தேகம் அதிகம் விழும் இடத்துக்கு வருகிறேன்: ஸ்பார்க் பிளக்கும், அதற்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும். உங்கள் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியின் எஞ்சின் அறை என்ன சூட்டில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் பல ஆண்டுகள் இருந்த காயில் பழுதாவது இயல்பு. இரிடியம் பிளக்கை 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பதில் தெரியவில்லை என்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள். வாங்குவது அசல்தானா என்று பார்த்து வாங்குங்கள், பெயர் பெற்ற பிளக்குகளுக்குப் போலிகள் ஏராளம்.

காயிலைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. குறியீடு பி0303 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறியபின் மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டு, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் அந்தக் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0303தான் என்றால் பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றுங்கள். அதன் பிறகும் அதே மூன்றாவது சிலிண்டர் என்றால்தான் இன்ஜெக்டர் பற்றியும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பற்றியும் பேச வேண்டும். சரியான பட்டறையில் அரை மணி நேர வேலை இது.

காயிலை வெளியே எடுக்கும்போது அதன் நுனியைப் பாருங்கள். எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து, பிளக் இருக்கும் குழிக்குள் எஞ்சின் ஆயில் இறங்குகிறது. கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் வீணாகும்.

அடுத்து காற்றுக் கசிவு. காலையில் குலுங்கி, சூடானதும் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் இறுகிப்போன வண்டிகள் இப்படித்தான் நடந்துகொள்ளும்: ஆறியிருக்கும்போது சுருங்கி இடைவெளி விடும், சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் பிசிவி குழாய், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாய் ஆகியவையும் வெடித்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ரீடரில் ‘ஃபியூயல் டிரிம்’ எண்களைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அவை காட்டும். நல்ல எஞ்சினில் அவை கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருக்கும். ஐடிலிங்கில் கூட்டல் 15, 20 என்று ஏறி, ஆர்பிஎம்மை 2,500க்குக் கொண்டுபோனதும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பட்டறை அந்த இடத்தைச் சில நிமிடத்தில் காட்டிவிடும். மாறாக, ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால், அப்போது பம்பைப் பற்றிப் பேசலாம், அதுவும் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைப் பார்த்த பிறகு.

எஞ்சினுக்குள் போகும் காற்றைத் தகட்டால் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது எப்படியும் நல்லது. கரி படிந்த தகடு, ஐடிலிங்கில் காற்றைச் சரியாக அளந்து விடாது. ஏர்கான் கம்ப்ரஸர் சுமையை ஏற்றும்போது எஞ்சின் தொய்வதற்கு இது ஒரு வழக்கமான காரணம். மின்சாரத்தால் இயங்கும் அந்தத் தகட்டை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது. சுத்தம் செய்த பின் ஐடிலிங்கை மறுபடி கற்பிக்க வேண்டியிருக்கும். ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதற்கென்றே விற்கும் ஸ்பிரேதான், திராட்டில் ஸ்பிரேயை அதில் அடிக்கவே கூடாது.

ஜோகூர் பெட்ரோலைப் பற்றிக் கேட்டீர்கள். சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு அங்கே கிடைப்பது ரான் 97 (ரான் என்பது ஆக்டேன் எண்). உங்கள் எஞ்சினுக்கு அது தேவைக்கு அதிகமே. ஆக்டேன் எண்ணை ஏற்றுவதால் ஐடிலிங் நடுக்கம் தீராது, எனவே 98 போட்டுப் பார்க்கலாமா என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். எனக்குக் கவலை பெட்ரோலில் இல்லை, போடும் விதத்தில்தான். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் நம் வண்டியில் முக்கால் டாங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதியால், ஏற்கெனவே பெருமளவு நிறைந்த டாங்கோடுதான் எல்லையைக் கடக்கிறோம். போன பயணத்துக்கு லாபம் வேண்டும் என்று, பம்பு ‘டிக்’ என்று நின்ற பிறகும் விடாமல் கழுத்துவரை நிரப்புகிறவர்கள் பலர். சிலர் வண்டியை ஆட்டி ஆட்டி நிரப்புவார்கள். டாங்கிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஆவிக்குப் பதில் பெட்ரோலே போனால் அந்தப் பெட்டியும், அதிலிருந்து ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வும் கெடும். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்வதும், முதல் சில நிமிடம் குலுங்குவதும் அதன் அடையாளம். உங்களுக்கு அப்படி நடக்கிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள். நடந்தாலும் நடக்காவிட்டாலும், முதல் ‘டிக்’கோடு நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் தீவிரமான மிஸ்ஃபயர் நடக்கிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. வேகத்தைக் குறைத்து, விரைவுச்சாலையை விட்டு வெளியேறி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கன்வெர்ட்டர் உருகினால் செலவு எங்கோ போய்விடும்.

சின் மிங், உபி, காக்கி புக்கிட் வட்டாரங்களில் பரிசோதனைக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் பட்டறைகள் இருக்கின்றன. அந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கொடுங்கள். ‘பாகம் மாற்ற வரவில்லை, குறியீடு, டிரிம், காயில் மாற்றிப் பார்த்த முடிவு, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், இவற்றை எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கம்ப்ரஷனில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தால் மேற்கொண்டு செலவு செய்வதையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். நான்கும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நிம்மதியாக மற்றதைச் சரி செய்யலாம். 2033 வரை ஓட்டப் போகிற வண்டிக்கு இந்த விவரம் எப்படியும் தேவை. மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும், தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. மிஸ்ஃபயரோடு போனால் எரியாத பெட்ரோல் புகையில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பழுதைச் சரி செய்து, ஒரு வாரம் ஓட்டி, குறியீடு திரும்ப வரவில்லை என்று பார்த்த பிறகு நாள் குறியுங்கள். சோதனை நாளன்று அரை மணி நேரமாவது விரைவுச்சாலையில் ஓட்டிவிட்டு நேராக உள்ளே போங்கள். கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் புகையைச் சரியாகச் சுத்தப்படுத்தும்.