குப்பைக் கூடத்தருகே குவியும் பழைய சாமான்கள்

கேள்வி: கலிபோர்னியாவில், வீட்டு உரிமையாளர் சங்கம் நிர்வகிக்கும் குடியிருப்பில் வசிக்கிறோம். பொதுக் குப்பைக் கூடத்தருகே யாரோ இரவில் பழைய மெத்தை, சோபா, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைப் போட்டுவிட்டுச் செல்கிறார்கள். அகற்றும் செலவு எங்கள் மாதக் கட்டணத்தில் ஏறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனாலும், சான்று இல்லாமல் எந்த அண்டை வீட்டாரையும் குறை கூறிவிடாதீர்கள். போட்டவர் வெளியாளாகவும் இருக்கலாம். கண்டவுடன் தேதியுடன் படமெடுத்து, சங்க நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் புகார் அளியுங்கள். உறுப்பினர்தான் போட்டார் என்று தெரிந்தாலும், குறைந்தது 10 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் அறிவித்து, அவர் தரப்பைக் கேட்ட பின்னரே சங்கம் அபராதம் விதிக்க முடியும் என்பது அம்மாநிலச் சட்டம். தனியார் நிலத்தில் குப்பை கொட்டுவதும் மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 374.3ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியதே; முதல் முறைக்கே 250 முதல் 1,000 டாலர் வரை அபராதம் உண்டு.

குளிர்சாதனப் பெட்டியை மட்டும் சாதாரணக் குப்பையாகக் கருதாதீர்கள். அதிலுள்ள குளிரூட்டும் வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல் முறைப்படி வெளியேற்ற வேண்டும் என்று மத்தியச் சட்டம் கூறுகிறது. மெத்தைகளுக்கு மாநில மறுசுழற்சித் திட்டத்தில் இலவச ஒப்படைப்பு மையங்கள் உள்ளன. பலர் இதை அறியாமலேயே வீசுகிறார்கள் என்று நம்புகிறேன். ஆகவே அந்த மையங்களின் முகவரியையும், பெரிய சாமான்களை நகராட்சி எடுத்துச் செல்லும் முறையையும் கூடத்தின் வாசலிலேயே ஒட்டிவைக்குமாறு அடுத்த கூட்டத்தில் வலியுறுத்துங்கள்; வீடு மாறிச் செல்வோருக்கும் அதைத் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.