‘விதைக்கு விடுவது’: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
தண்டையார்பேட்டை மொட்டைமாடித் தொட்டியில் சிறுகீரையைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘லெட் இட் கோ டு சீட்’ என்பதே தோட்டக்காரர்களின் இயல்பான வழக்கு. கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி என்று பூக்கும் முன்பே பறிக்கிறவற்றுக்கு இது கச்சிதம். வெண்டைக்கு அவ்வளவாக ஒட்டாது. அங்கே காயைத்தான் முற்ற விடுகிறோம். ‘லீவ் எ ஃபியூ பாட்ஸ் ஃபார் சீட்’ என்பேன். நம் வெயிலில் கொத்தமல்லி நம்மைக் கேட்காமலே தண்டு நீட்டிப் பூத்துவிடுகிறதே, அதற்குப் பெயர் ‘போல்ட்’. தாவரவியல் கட்டுரையில் ‘செட் சீட்’ என்று எழுதுவார்கள்: மகரந்தச் சேர்க்கைக்குப் பின் விதை பிடிப்பது. ஒன்று, ஆளைப் பார்த்து ‘கான் டு சீட்’ என்றால் சீர்கெட்டுப் போனவர் என்று பொருள். மாமனாரிடம் சொல்லிவிடாதீர்கள்.