முடித்த கதை எத்தனை?

அன்புள்ள அம்மா,

உயிரியல் நோட்டில் தவளையின் படம் இருக்க வேண்டிய பக்கத்தில், பெரிய கண்களோடு ஒரு பெண் வாள் சுழற்றிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். பிளஸ் டூ படிக்கும் மகள் ஜப்பானுக்குப் போய், மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை வரையப் போகிறேன் என்கிறாள். டாக்டராக வேண்டியவள் பொம்மை போடுகிறாளே என்ற ஆத்திரத்தில் கணவர் நோட்டைக் கிழித்துவிட்டார். கிழித்தது தவறு. மற்றதைப் பேசுவோம்.

டாக்டர் என்றதும் எனக்கு ஒசாமு தெசுகாதான் நினைவுக்கு வருகிறார். ஒசாகாவில் மருத்துவம் படித்துக்கொண்டே படக்கதை வரைந்தவர். போரில் தோற்று வறுமையில் கிடந்த ஜப்பானில், 1947இல், பதினெட்டு வயதில் அவர் வரைந்த புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. சினிமா கேமரா போல நெருங்கியும் விலகியும் போகும் கட்டங்களைப் பார்த்து ஒரு தலைமுறையே பேனா எடுத்தது. மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி பெற்றார். நத்தையின் விந்தணு பற்றி ஆய்வு செய்து 1961இல் முனைவர் பட்டமும் வாங்கினார். மருத்துவமனைப் பக்கம் மட்டும் போகவில்லை. ஆனால் 1973இல் அவர் தொடங்கிய அறுவை சிகிச்சை நிபுணரின் கதையில், படித்த மருத்துவமெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே மகளிடம் 'உயிரியலைத் தூக்கிப் போடு' என்றும் சொல்லாதீர்கள். தவளையும் உதவும்.

நேற்று முளைத்த மோகம் என்று நினைக்கிறீர்கள். ஹொகுசாய் என்ற ஓவியர் மங்கா என்ற பெயரிலேயே தன் கோட்டோவியத் தொகுப்பை வெளியிடத் தொடங்கியது 1814இல். இன்றைய தொழில் உருவானது 1959இல், சிறுவர் மங்கா வார இதழ்கள் வந்த பிறகு. 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழ், 1994 இறுதியில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி அச்சானது. வெளிநாடு போனபோது முதலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது: அமெரிக்கப் பதிப்புகளில், வலமிருந்து இடமாக ஓடும் ஜப்பானியப் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி அச்சடித்தார்கள், வலக்கை வீரர்கள் எல்லாம் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். பிறகு வாசகர்களே அப்படிப் படிக்கப் பழகிக்கொண்டார்கள், வலமிருந்து இடமாகவே. பிரான்சில் 2021இல் பதினெட்டு வயதினருக்குக் கலை, பண்பாட்டுச் செலவுக்கென்று அரசு 300 யூரோ கொடுத்தது. பிள்ளைகள் அதில் மங்காவாக வாங்கிக் குவித்ததைப் பார்த்து, திட்டத்தின் பெயரையே மாற்றிக் கேலி செய்தார்கள்.

சந்தை பெரிது என்பதற்காகப் பிழைப்பு எளிது என்று ஆகிவிடாது. இதை மகளும் படிக்கட்டும். வார இதழ்த் தொடர் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய இருபது பக்கம். பின்னணி வரையும் உதவியாளர்களுக்குப் பெரும்பாலும் ஓவியர்தான் தன் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்க வேண்டும். வாசகர் வாக்கெடுப்பில் பின்தங்கினால் தொடர் சில மாதங்களில் நின்றுவிடும். முதுகுவலியால் ஆண்டுக்கணக்கில் தொடரை நிறுத்திவைத்த புகழ்பெற்றவர்கள் உண்டு.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் மகள் இதுவரை எத்தனை கதைகளை முடித்திருக்கிறாள்? என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் நூறு முகம் வரைந்திருப்பார்கள், ஒரு கதையும் முடிந்திருக்காது. பிடித்த நாயகனைப் பார்த்து வரைவது ரசிகரின் வேலை. ஜப்பானியப் பதிப்பாசிரியர் முதலில் கேட்பது 'நேமு'வை, அதாவது கட்டங்களும் வசனமும் மட்டும் கிறுக்கிய முன்வரைவை. கை அழகைவிடக் கதை ஓடுகிறதா என்பதுதான் அங்கே கணக்கு. பொதுத்தேர்வு முடிந்ததும் இரண்டு மாதத்தில் எட்டுப் பக்கக் கதை ஒன்றை அவள் முடிக்கட்டும். ஜப்பானியப் பள்ளிச் சீருடையும் செர்ரிப் பூவும் வேண்டாம். கதை உங்கள் தெருவில் நடக்கட்டும்.

முடித்துவிட்டால் வழி இருக்கிறது. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். அனிமேஷன், விளையாட்டு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் முன்வரைவு வரையத் தெரிந்தவர் தேவை. மங்கா கைகூடாவிட்டாலும் பட்டினி இல்லை. பிளஸ் டூ முடித்த கையோடு ஜப்பான் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தில் மங்காவுக்கென்றே தனிப் புலம் இருக்கிறது, ஆனால் மொழி தெரியாமல் அங்கே போய்த் திணற வேண்டியதில்லை. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலேயே நடக்கிறது. அதில் மிக எளிய படியான என்5இல் தொடங்கட்டும். கல்லூரி முடிவதற்குள் மேலே ஏறிவிட்டால், ஜப்பான் அரசின் உதவித்தொகை பற்றிச் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை: அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் 2007 முதல் வெளிநாட்டு ஓவியர்களுக்கென்றே ஒரு மங்கா விருது வழங்கிவருகிறது.

முகவர்கள் யாராவது 'மங்கா படிப்பு, வேலை உறுதி' என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எட்டுப் பக்கமும் முடிந்த பிறகு அவளையே அழைத்து வாருங்கள். கணவரும் வரட்டும். கதையை முதலில் அவர் படிக்க வேண்டும்.