தெருவைப் பார்த்த செருப்பு

அன்புள்ள மேடம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு 34 வயது. ஆலிமா (மார்க்கக் கல்வி முடித்த பெண்) ஸனது, அதாவது பட்டம், வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மேலப்பாளையத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன். மாலையில் அஸர் தொழுதுவிட்டு வருவார்கள், சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்குக்கு முன்னால் போய்விடுவார்கள். இப்போது 22 பேர். எல்லாருக்கும் பாடம் கேட்டு, புதுப்பாடமும் கொடுக்க வேண்டும்.

அதில் எட்டு வயதுப் பையன் ஒருவன். வாப்பா சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார். மூன்று வாரமாக வள்ளுஹா சூராவில் (குர்ஆன் அத்தியாயம்) நிற்கிறான். "ஃபஅம்மல் யதீம ஃபலா தக்ஹர்" என்ற இடத்தில் 'காஃப்' என்று அடிநாக்கிலிருந்து வரவேண்டிய எழுத்து, அவனுக்கு நம் சாதாரண 'க'வாகவே வருகிறது. பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தேன். பதினொன்றாவது தடவை பிரம்பால் உள்ளங்கையில் இரண்டு போட்டேன். அன்றிலிருந்து அந்த இடம் வருமுன்பே திக்குகிறான். "ஃப... ஃப..." என்று நின்றுவிடுகிறான். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதற்கும் அவனையே அதட்டியிருக்கிறேன்.

போன வாரம் பேனா எடுக்கக் கையை நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அடுத்த நாள் ஜன்னல் பக்கம் நிற்கும்போது கேட்டேன். தெருவில் தங்கச்சியை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே அதே சூராவை முழுசாக ஓதுகிறான். ஒரு திக்கல் இல்லை. அப்போது வந்தது கோபம்தான். என்னிடம் மட்டும் நடிக்கிறானா?

எல்லாப் பிள்ளைகளும் செருப்பைத் திண்ணையடியில் உதறிவிட்டு வருவார்கள். இவன் மட்டும் படியோரத்தில் ஜோடியாக, தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கிறான். ஒழுக்கமான பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன்.

நானும் அடி வாங்கித்தான் ஓதினேன். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லித்தான் உம்மாமார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். "உஸ்தாத் அடிச்ச இடம் நரகத்துல வேகாது" என்பார் என் மாமியார். என் வீட்டுக்காரரோ பத்து வயதில் அடிக்கச் சொன்ன ஹதீஸை (நபிமொழியை) எடுத்துக் காட்டுகிறார். அடிக்காமல் ஓதிக் கொடுக்க முடியுமா? இந்தப் பையனை என்ன செய்ய?

- பெயர் வேண்டாம், மேலப்பாளையம்

*

வ அலைக்குமுஸ்ஸலாம், அன்புச் சகோதரி.

அவன் நடிக்கவில்லை. ஜன்னல் வழியாக நீங்கள் கேட்டதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். சூரா அவனிடம் இருக்கிறது, உங்கள் முன்னால் உட்கார்ந்தால் காணாமல் போகிறது. அடி எப்போது விழும் என்று காத்திருக்கும் மூளை வேறு எதையும் ஒழுங்காகக் கையில் பிடிக்காது. அவன் கண் எழுத்தின் மேல் இருந்தாலும் கவனம் உங்கள் கையின் மேல் இருக்கிறது. அந்தச் செருப்பையும் ஒழுக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேகமாக வெளியேற வேண்டியவர்கள்தான் செருப்பை அப்படி வைப்பார்கள்.

கடிதத்தில் அடி விழுந்த ஆயத்தை (வசனத்தை) எழுதியிருக்கிறீர்கள், அதன் அர்த்தத்தை எழுதவில்லை. ஆலிமாவுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். "ஆகவே அநாதையைக் கடிந்து அடக்காதீர்." அடுத்த ஆயத்து, "கேட்டு வருபவரை விரட்டாதீர்." பணம் கேட்டு வருபவர் மட்டுமல்ல, கல்வி கேட்டு வருபவரும் இதில் அடக்கம் என்று விளக்கம் எழுதியவர்கள் உண்டு. அந்தப் பையனுக்கு வாப்பா இருக்கிறார், அநாதை இல்லை. ஆனால் தினமும் அஸருக்குப் பிறகு உங்கள் வாசலில் கேட்டு வந்து நிற்கிறான். வஹீ (இறைச்செய்தி) வராமல் நின்று நபி (ஸல்) அவர்கள் மனம் வாடியிருந்த நேரத்தில் ஆறுதலாக இறங்கிய சூரா அது. அதற்கா பிரம்பு?

உங்களுக்குத் தெரிந்த ஒரு ஹதீஸை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருவது. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) தொழுகையில் நிற்கிறார். பக்கத்தில் ஒருவர் தும்ம, இவர் சத்தமாக "யர்ஹமுகல்லாஹ்" (அல்லாஹ் உமக்கு அருள்புரியட்டும்) என்று சொல்லிவிடுகிறார். எல்லாரும் முறைக்கிறார்கள். "ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று தொழுகைக்குள்ளேயே திரும்பக் கேட்கிறார். தங்கள் தொடையில் தட்டி அவரை அடக்குகிறார்கள். தொழுகை முடிகிறது. அந்தச் சில நிமிஷம் அவர் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. நபியவர்கள் சொன்னது இவ்வளவுதான்: இந்தத் தொழுகையில் மனிதர் பேச்சுக்கு இடமில்லை, இது தஸ்பீஹும் (இறைவனைத் துதிப்பது) தக்பீரும் (பெருமைப்படுத்துவது) குர்ஆன் ஓதுவதும்தான். அவர் கடைசிவரை மறக்காமல் சொன்னது, இதைவிட அழகாகக் கற்றுக்கொடுப்பவரை முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை, என்னைக் கடியவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை என்று. 'கடியவில்லை' என்பதற்கு அவர் சொன்ன அரபுச் சொல் 'கஹர'. உங்கள் பையன் வாயில் வருகிற அதே சாதாரண 'க'. அர்த்தமும் ஏறக்குறைய 'தக்ஹர்' சொல்வதுதான்.

உச்சரிப்பைத் திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ் பேசும் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'க'தான். அடிநாக்கு உள்நாக்குப் பக்கம் தொட்டு வரும் அந்த ஒலி அவன் வீட்டிலும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. அது அவன் தவறு என்று எப்படி ஆகும்? தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்கச் சொல்லி, அந்த இடத்தைக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் ஹதீஸ் அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. அது தொழுகையைப் பற்றியது. ஏழு வயதில் ஏவச் சொல்லி, பத்து வயது வரை மூன்று வருஷம் அவகாசமும் தருகிறது. உங்கள் பையனுக்கு எட்டு வயது, பிழை ஓர் எழுத்தில். மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலையல்ல, ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை. ஓதத் திணறினாலும் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ள ஹதீஸை அவரிடம் எடுத்துக் காட்டுங்கள். மாமியார் சொன்னது ஹதீஸல்ல என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டுமா? வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமா என்ற நூலில், மாணவர்களைக் கடுமையாக நடத்தினால் அவர்கள் சுருங்கிப்போவார்கள், பயத்தில் பொய்யும் சூதும் கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. நானும் பிரம்படி வாங்கி ஓதியவள்தான். இன்றும் அல்காரிஆ சூரா ஓதும்போது கை வியர்க்கும். உங்களுக்கு எந்த சூராவில் வியர்க்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. பிரம்பை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். அலமாரியில் ஒளித்து வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகள் முன்னால் அடித்தீர்கள், அவர்கள் முன்னாலேயே ஒரு வரி சொல்லுங்கள்: "அன்னைக்கு உஸ்தாத் உன்னை அடிச்சது தப்பு." அதற்கு மேல் விளக்கமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். உங்கள் அழுகையைச் சமாளிக்கும் பொறுப்பு அவன் தலையில் விழக்கூடாது.

எதிரே உட்கார வைக்காமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவரும் சேர்ந்து ஓதுங்கள். திக்குகிறவர்களோடு இன்னொருவர் குரல் சேர்ந்தால் பெரும்பாலும் திக்கல் குறைந்துவிடும். கொஞ்ச நாள் அவனிடம் தனியாகப் பாடம் கேட்கவே வேண்டாம். நின்றால் நீங்கள் முடித்து வைக்காதீர்கள், "மெதுவாச் சொல்லு" என்றும் சொல்லாதீர்கள், காத்திருங்கள். போனில் வாப்பாவுக்கு ஓதிக் காட்டச் சொல்லும் வழக்கம் வீட்டில் இருந்தால், கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க அவன் உம்மாவிடம் கேளுங்கள். பள்ளிக்கூடத்திலும் பேசும்போது திக்குகிறானா என்றும் விசாரியுங்கள். ஆம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டினால் பேச்சுப் பயிற்சிக்கு வழி சொல்வார்கள்.

இனி உங்களைப் பற்றி. 22 பிள்ளைகள், ஒரு மாலை, பாங்கு சொல்லுமுன் முடிக்கும் அவசரம். அந்தக் கடைசி அரை மணியில்தான் உங்கள் கை நீளுகிறது என்று நினைக்கிறேன். பெரிய பெண்பிள்ளைகளைச் சின்னவர்களிடம் பாடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பாதிப் பேருக்கு, மறுநாள் மீதிப் பேருக்குப் புதுப்பாடம் கொடுங்கள். எந்த உம்மாவாவது குறை சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். சூரா எவ்வளவு முடிந்தது என்று எழுத வேண்டாம். அவன் செருப்பை எங்கே கழற்றுகிறான் என்பதை எழுதுங்கள்.