"பாட்டு அமைக்கப் போகிறேன்" என்கிறான் மகன்: குன்னூர் தாய்க்குப் பதில்

கேள்வி: மகன் பிளஸ் டூ முடிக்கிறான். எங்கள் திருச்சபையில் கீபோர்டு வாசிக்கிறான். பழைய பாமாலைகளைப் புதிதாக அமைப்பது, சபைக்குப் புதுப் பாட்டு எழுதுவது, இதுதான் என் வேலை என்கிறான். நாங்கள் பி.காம். சேர்க்க நினைத்திருந்தோம். இதை நம்பி விடலாமா?

அன்புள்ள அம்மா,

பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். பாட்டு எழுதவென்று மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது நம் மலைச் சபைகளில் வழக்கமில்லை. ஆர்கன் வாசிப்பவருக்கும் கொயர் என்ற பாடகர் குழுவை நடத்துபவருக்கும் பெரும்பாலும் மதிப்பூதியம்தான். சோறு போடும் வேலை பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு நீலகிரி மோசமான இடமில்லை. ஊட்டி, லவ்டேல், கோத்தகிரி என்று உறைவிடப் பள்ளிகள் நிறைந்த மலை இது. இசை ஆசிரியர் வேலையும், கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வகுப்பும் இங்கே நடைமுறை வழிகள். தம்பி டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் (இரண்டும் லண்டன் இசைத் தேர்வு அமைப்புகள்) 8ஆம் கிரேடு வரை போகட்டும். ஏபிஆர்எஸ்எம் என்றால் 6ஆம் கிரேடுக்குப் போகும் முன் 5ஆம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தேர்வோ தேறியிருக்க வேண்டும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள். வாசிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் ஒரு வருடம் தேங்குகிறார்கள்.

பி.காம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வருடம் எப்படியும் போகப் போகிறதென்றால், பி.ஏ. தமிழ் இந்த வேலைக்கு நேராக உதவும். இசைப் பட்டமே வேண்டுமென்றால் கோவை அரசு இசைக் கல்லூரியில் கர்நாடக சங்கீதம் படிக்கலாம். மேற்கத்திய முறைக்குச் சென்னையில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது. தமிழை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், சபையில் எடுபடாமல் போகும் புதுப் பாட்டுகளில் பெரும்பாலானவை மெட்டால் தோற்பதில்லை. சொல் மெட்டில் உட்காராததால் தோற்கின்றன.

குறிலை நீட்டுவதைப் பாருங்கள். "வரம்" என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு தட்டுக்கு இழுத்தால் பின்வரிசையில் இருப்பவருக்கு "வாரம்" என்று கேட்கும். "மனம்" "மானம்" ஆகும், "பலன்" "பாலன்" ஆகும். நீண்ட சுரத்துக்கு நெடில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு குறிலாகப் பிரிக்க வேண்டும். வல்லின ஒற்றில் குரலை நிறுத்தவே முடியாது, "பத்து" என்பதில் "த்" மேல் யாரும் நீட்டிப் பாட முடியாது. ம், ன், ல் வரும் இடத்தில் நிற்கலாம்.

மொழிபெயர்த்த பாமாலைகளில் வேறொரு சிக்கல். ஆங்கில மெட்டுகளில் பல, தட்டுக்கு முன்னே ஒரு லேசான சுரத்தோடு தொடங்குகின்றன. தமிழ்ச் சொல்லின் கனம் முதல் அசையில் விழும். ஆகவே "தேவனே" என்று தொடங்கினால் "தே" தட்டுக்கு வெளியே போய் "வ" தட்டில் விழுகிறது, சபை தடுமாறுகிறது. "என் தேவனே" என்றால் "என்" முன்சுரத்தில் கழிந்து, "தே" தட்டில் உட்காரும். வரிக்கு எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று (8.6.8.6) அசையை எண்ணிச் சரிக்கட்டினால் போதாது, கனம் எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு வரியையும் கைதட்டிப் பார்க்க வேண்டும். எதுகையும் மோனையும் அலங்காரத்துக்கு மட்டுமல்ல. புத்தகம் கையில் இல்லாத பாட்டிக்கு அடுத்த வரி ஞாபகம் வருவது அதனால்தான்.

சபையின் குரல் எல்லையையும் தம்பி மனப்பாடம் செய்ய வேண்டும். பெண்களுக்கு மத்திய சி-க்கு (கீபோர்டின் நடுவில் உள்ள சி சுரம்) அடுத்த கீழ் பி முதல் மேலே டி வரை, ஏறக்குறைய பத்துச் சுரம். ஆண்கள் அதற்கு ஒரு ஸ்தாயி (கீழ் ச-வுக்கும் மேல் ச-வுக்கும் உள்ள தூரம்) கீழே. பழைய புத்தகங்களில் மேல் இ-க்கும் எஃப்-க்கும் ஏறும் மெட்டுகள் உண்டு. மார்கழிக் குளிரில் காலை ஆராதனைக்கு வருபவர்களின் தொண்டை அதற்கு ஒத்துழைக்காது. ஒரு சுரம் இறக்குவது சரி. ஆனால் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை மூன்று நான்கு அரைச்சுரம் கீழே தள்ளினால் பேஸ் என்ற அடிக்குரல் வரி தாழ்ந்த எஃப்-க்கும் கீழே போய் ஒலியில்லாமல் அடங்கிவிடும். அதிகம் இறக்கினால் சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்) என்ற நான்கு குரலையும் மறுபடி எழுத வேண்டும். அப்படி எழுதும்போது சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் நடுவிலோ, ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவிலோ ஒரு ஸ்தாயிக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. குளிரில் இன்னொன்றும் நடக்கும். புல்லாங்குழல் சுருதி இறங்கும், கிட்டார் கம்பி இறுகி ஏறும், கீபோர்டு மட்டும் அசையாது. குழலை ஊதிச் சூடாக்கிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும்.

கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனைகளுக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போடுவதில்தான் இளைஞர்கள் அவசரப்படுகிறார்கள். மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி-யை ஷட்ஜமாக (ச) வைத்தால் எஃப் கார்டு மத்திமத்தை (ம) கொண்டுவருகிறது, ஜி கார்டு நிஷாதத்தை (நி) கொண்டுவருகிறது. இரண்டும் அந்த ராகத்தில் இல்லாத சுரங்கள். சி மேஜர், ஏ மைனர், ஜி-யும் டி-யும் மட்டும் சேர்ந்த வெறும் ஐந்தாம் இடைவெளி, இவற்றோடு நின்றால் ராகம் பிழைக்கும். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த ராகங்களுக்கு ச-ப சுருதியை நிறுத்தி, வரி முடிவில் மட்டும் கார்டு வைப்பதே என் பரிந்துரை. தாளத்திலும் இதே கவனம் வேண்டும். கீபோர்டில் தயாராக இருக்கும் ஸ்டைல்கள், அதாவது தானாக ஒலிக்கும் தாளப் பின்னணிகள், பெரும்பாலும் 4/4, 3/4, 6/8தான். மிச்ர சாப்பில் ஏழு எண்ணிக்கையில் போகும் கீர்த்தனையை 4/4 ஸ்டைலில் அடைத்தால், தாளச் சுற்றுக்கு ஒரு எண்ணிக்கை கூடுதலாகத் தொங்கும். சபை முந்திப் பாட, கருவி பிந்தும். ஸ்டைலை அணைத்துவிட்டுத் தபேலாவோ கைத்தாளமோ போதும்.

முன்னிசைக்குக் கடைசி வரியை வாசித்தால் போதும். சரணங்களுக்கு நடுவே விடும் இடைவெளி பாட்டு முழுவதும் ஒரே அளவாக இருக்கட்டும். அது மாறினால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஜனங்கள் மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சட்டத்தையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த வருடத்தை அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர், ஆபிரகாம் பண்டிதர் 1919இல். இவர்களுடைய பாடல்களைத் தாராளமாகப் புதிதாக அமைக்கலாம். ஆங்கில மூலம் பழையது என்பதற்காகத் தமிழ் மொழிபெயர்ப்பும் பொதுச்சொத்து என்று எண்ணிவிடக்கூடாது, மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. உரிமை உள்ள பாட்டைப் புதிதாக அமைப்பதற்கே அனுமதி தேவை. அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும்போதுதான் பிரச்சினை பெரிதாக வெடிக்கிறது. தம்பியின் சொந்தப் பாட்டுக்கு எழுதியவுடனே உரிமை வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை, செய்ய விரும்பினால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய்.

இந்த வருடம் என்ன செய்யலாம்? மியூஸ்ஸ்கோர் இசைக்குறிப்பு எழுதும் இலவச மென்பொருள், அதில் வாரம் ஒரு பாமாலையை நான்கு குரலுக்கு எழுதட்டும். கொயரில் ஆல்டோ, டெனர் பாடுபவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுத் திருத்தட்டும். வகுப்புக்காக மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போவதென்றால் சனிக்கிழமை ஒரு நாள் முழுதாகப் போகும், அதைக் கணக்கில் வையுங்கள். ஆயரிடம் பேசி, சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்றை நான்கு ஞாயிறு தொடர்ந்து பாட வாய்ப்புக் கேட்கட்டும். முதல் ஞாயிறு கொயர் மட்டும், இரண்டாம் ஞாயிறு பல்லவிக்குச் சபையும், மூன்றாம் ஞாயிறு முழுப்பாட்டும். நான்காம் ஞாயிறு கீபோர்டைக் கடைசிச் சரணத்தில் நிறுத்திவிட்டுக் கேட்கட்டும். சபை தானாகப் பாடி முடித்தால் அடுத்த பாட்டை எழுதலாம். பாதியில் குரல் தேய்ந்தால், தேய்ந்த வரியில் பென்சிலால் குறித்து, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி மறுபடி கொடுக்கட்டும்.