சின்ன ஊர்க் கடைவீதிக்கு மறுபடி கூட்டம் வர, தெருவையும் நடைபாதையையும் எப்படி அமைக்கலாம்?

நான் பொறியாளன் இல்லை. பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எல்லையோர ஊர் ஒன்றில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஓணத்துக்கு மலையாளிகள், தீபாவளிக்கு நம்மாட்கள் என்று அப்பா காலத்தில் வருடத்துக்கு இரண்டு சீசன் ஓடிய கடை. இப்போது பாதிப் பேர் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். கடைவீதியில் நடைபாதையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். வாசலில் வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரமும் போச்சு என்பது எங்கள் கணக்கு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, கல்லாவில் உட்கார்ந்து, துணி வாங்கிய ஒவ்வொருவரிடமும் எதில் வந்தீர்கள் என்று கேட்டு நோட்டில் குறித்தேன். காரில் வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்கள் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தவர்கள். அப்படியானால் வாசலை நாளெல்லாம் அடைத்து நிற்கும் பைக்குகள் யாருடையவை? என்னுடையது, பக்கத்துக் கடை ஏட்டனுடையது, எங்களிடம் வேலை பார்க்கும் பையன்களுடையது.

அதனால் என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: பஸ் ஸ்டாப்பிலிருந்து கடைசிக் கடை வரை ஒரு பாட்டி ரோட்டில் இறங்காமல் நடந்து வர முடியுமா? எங்கள் ஊரில் முடியவில்லை. நடைபாதை என்று நாங்கள் சொல்லிக்கொண்டது சாக்கடை மேல் போட்ட சிலாப்தான். ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம். அதில் பைக் ஏற்ற ஒவ்வொரு கடைக்காரரும் தன் வசதிக்கு ஒரு சிமென்ட் சரிவு போட்டிருந்தார். உடைந்த சிலாப் ஓட்டையில் யாராவது ஒரு வேப்பங்கொப்பைச் செருகி வைப்பார்கள். காய்ந்தால் வேறு கொப்பு வரும், வேறு சிலாப் வராது.

சாலைகளுக்கு அளவு வகுத்துச் சொல்லும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (கட்சி இல்லை) 2012இல் வெளியிட்ட பாதசாரி வழிகாட்டியில் அளவெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. நடக்கும் இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி. கடைவீதி என்றால் 2.5 மீட்டர். விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அரை அடியைத் தாண்டினால் முட்டிவலிக்காரர் ஏற மாட்டார், ரோட்டோடு நடந்துவிடுவார். கடையை ஒட்டி நின்று பார்க்க ஒரு பட்டை, நடக்க ஒரு பட்டை, ரோட்டோரம் மரத்துக்கும் கம்பத்துக்கும் ஒரு பட்டை என்று பிரிக்கச் சொல்கிறார்கள். மூன்றையும் ஒரே இடத்தில் திணித்துவிட்டு, ஜனங்களுக்கு நடைபாதையில் நடக்கத் தெரியவில்லை என்று சலித்துக்கொள்வது நம் வழக்கம்.

கலர் டைல்ஸுக்கு மயங்காதீர்கள். இது பாலக்காடு, கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர். நிழல் இல்லாத நடைபாதையில் பதினொரு மணிக்கு மேல் நாய்கூடப் படுக்காது. வழவழப்பான டைல்ஸ் இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவ மழையில், வழுக்கும். டைல்ஸ் காசில் பாதியைப் புங்கன் கன்றுக்கும் கூண்டுக்கும் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கும் ஒதுக்கலாம்.

வண்டிகளைத் தெருவுக்குள்ளேயே விடாமல் தடுப்பதா என்று கேட்பார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவை 2017 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தபோது வண்டிகளைத் தடுத்தார்கள், வியாபாரிகள் எதிர்த்தார்கள். இன்றைக்கும் கூட்டம் இருக்கிறது. ஆனால் அது எப்போதுமே கூட்டமான தெரு. எங்களைப் போன்ற ஊரில் அதை அப்படியே காப்பியடித்தால் தெரு காலியாகிவிடும். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் செய்த மாதிரி, வண்டி போகட்டும், ஆனால் மெதுவாக, குறுகின இடத்தில் போகட்டும் என்பது எங்களுக்குச் சரிப்படும். சரக்கு லாரி காலை ஒன்பதுக்குள் வந்து இறக்கிவிட்டுப் போக வேண்டும்.

இன்னொன்று, பூக்காரியையும் கடலை வண்டியையும் 'அழகுபடுத்துகிறோம்' என்று விரட்டாதீர்கள். 2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி, இடம் ஒதுக்கும் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களே இருக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும். எங்கள் வாசலில் பூ விற்கும் அக்கா வராத நாளில் ஏழு மணிக்கே தெரு செத்துவிடும். அவர் விளக்கும், அவரைச் சுற்றி நிற்கும் நாலு பெண்களும் இருந்தால்தான் அடுத்த பெண் தைரியமாக வருகிறாள், வந்தவள் என் கடைக்குள்ளும் எட்டிப் பார்க்கிறாள்.

எங்கள் வீதியில் ஒரு பக்கம் மட்டும் வேலை முடிந்திருக்கிறது. புது நடைபாதை நடுவில் ஒரு மின்கம்பம் அப்படியே நிற்கிறது. அதை நகர்த்தும் செலவு யாருடையது என்று இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. போன ஓணத்துக்கு அதில் என் கடைத் தள்ளுபடி போர்டை, மேலே மலையாளமும் கீழே தமிழுமாக, நானேதான் கட்டினேன்.